பழைய கருவியும் பார்க்கப்படாத கையும்

வருங்காலத்தைக் காட்ட எழுந்த நாடகம் ஏனைய நாடகங்களினும் விரைவில் மூப்படைகின்றது. அரசர் காலக் கதையில் வரும் வாளும் வில்லும் என்றும் பழையனவே. அவற்றைக் கண்டு எவரும் நகைப்பதில்லை. வருங்காலக் கதையில் வரும் பொறியின் நிலை வேறு. அக்காலம் நெருங்க நெருங்க, அப்பொறி உண்மையான பொறியோடு ஒப்பிடப்படுகின்றது. ஒப்பீட்டில் தோற்றால் நகைப்புக்கு இடமாகின்றது.

அறிவியற் கற்பனைத் தொலைக்காட்சித் தொடர்களுள் உலகெங்கும் பெயர் பெற்றவை இரண்டு. ஒன்று, இங்கிலாந்தில் பி.பி.சி. 1963 நவம்பர் 23இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ'. மற்றொன்று, அமெரிக்காவில் என்.பி.சி. 1966 செப்டம்பர் 8 முதல் 1969 ஜூன் 3 வரை 79 பகுதிகளாக ஒளிபரப்பிய 'ஸ்டார் டிரெக்'. இவற்றை இன்று காண்போர் இரு திறத்தார். ஒரு சாரார், "இதுவா வருங்காலப் பொறி!" என்று நகைப்பர். மற்றொரு சாரார், "இது அன்றே சொல்லப்பட்டது, பின்னர் அப்படியே வந்தது" என்று கணக்கெடுத்து வியப்பர். நகைப்பவரும் வியப்பவரும் ஒரு வகையில் ஒத்தவரே. இருவரும் பொருளை மட்டுமே பார்க்கின்றனர். அப்பொருளை ஏந்தி நிற்கும் கையைப் பார்ப்பதில்லை. இத்தொடர்களில் உண்மையாகவே பழமைப்பட்டது எது, இன்றும் பழமைப்படாதது எது என்பதை அறிய வேண்டின் அந்தக் கையைத்தான் பார்த்தல் வேண்டும்.

நகைப்பும் கணக்கெடுப்பும்

முதலில் நகைப்போர் காட்டும் சான்றுகளைக் காண்போம். ஸ்டார் டிரெக்கின் கதை 23ஆம் நூற்றாண்டில் நிகழ்வது. 'எண்டர்பிரைஸ்' என்னும் விண்கப்பலின் அறிவியல் அலுவலர் ஸ்பாக், கணினிக்கு நிகரான மூளையுடையவர். அவர் கையில் சில காட்சிகளில் ஒரு வட்டக் கணிப்பான் இருக்கின்றது. விமானமோட்டிகள் வேகமும் தொலைவும் எரிபொருளும் கணக்கிடக் கைக்கொண்ட, 'ஸ்லைடு ரூல்' இனத்தைச் சேர்ந்த கருவி அது. 1972இல் எச்.பி. நிறுவனம் சட்டைப்பைக்குள் அடங்கும் மின்னணுக் கணிப்பானை வெளியிட்டபின், அவ்வினக் கருவிகள் பள்ளிகளிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் மெல்ல மறைந்தன. 'தி நேக்கட் டைம்' என்னும் பகுதியின் முடிவில் கப்பல் காலத்தில் பின்னோக்கிச் செல்கின்றது. அதைக் காட்டும் கடிகாரத்திலோ, எண் பொறித்த சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருளுகின்றன.

இனி வியப்போர் காட்டும் சான்றுகள். கப்பல் தலைவர் கிர்க் மூடியைத் திறந்து பேசும் கையடக்கத் தொடர்புக் கருவியே அவற்றுள் தலையாயது. 1996இல் மோட்டோரோலா நிறுவனம் மடக்கித் திறக்கும் 'ஸ்டார்டாக்' கைத்தொலைபேசியை வெளியிட்டபோது அக்கனவு பலித்ததாகவே தோன்றியது. 2007இல் ஐபோன் வந்தது. அதன்பின் மடக்குத் தொலைபேசியே பழம்பொருள் ஆயிற்று. கப்பலில் செய்திகளைச் சேமிக்கும் வண்ணச் சதுரத் தகடுகளின் கதையும் இத்தகையதே. 1966இல் அவை புதுமை. 1980களில் மூன்றரை அங்குலக் கணினித் தகடு வந்தபோது அவை அன்றாடப் பொருள். சோனி நிறுவனம் அத்தகடுகளின் விற்பனையை 2011இல் நிறுத்தியபின் அவை நினைவுச் சின்னம்.

ஒரே பொருள் ஒரு தலைமுறைக்குப் புதுமையாகவும், அடுத்த தலைமுறைக்கு மெய்ப்பட்ட கனவாகவும், மூன்றாம் தலைமுறைக்கு நகைப்பாகவும் மாறுகின்றது. ஆதலின் 'பலித்தது, பலிக்கவில்லை' என்னும் அளவுகோல் நிலையான அளவுகோல் அன்று. அது நாடகத்தை அளப்பதில்லை. அளப்பவன் எந்த ஆண்டில் வாழ்கின்றான் என்பதைத்தான் காட்டுகின்றது.

வறுமையில் பிறந்த புதுமை

அக்கருவிகள் அவ்வாறு அமைந்தமைக்கு அறியாமை மட்டுமே காரணம் அன்று. வாரந்தோறும் ஒரு கதை, குறைந்த பொருட்செலவு, குறைந்த கால அளவு. ஒவ்வொரு வாரமும் ஒரு கோளில் கப்பல் இறங்குவதைக் காட்டப் பணம் போதாது. ஆகவே, மனிதர் ஒளித்துகளாகக் கரைந்து வேறிடத்தில் தோன்றும் பெயர்ப்பு முறை படைக்கப்பட்டது. அந்த மின்னல் தோற்றம், ஒளியில் தூவிய அலுமினியப் பொடியைப் படம் பிடித்து அமைத்தது. தாமே திறந்து மூடும் கதவுகளைத் திரைக்குப் பின் நின்ற பணியாளர் கயிற்றால் இழுத்தனர்.

இவ்வகையில் உப்புக் குப்பியின் கதை பெரிதும் கருதத்தக்கது. முதலில் ஒளிபரப்பான 'தி மேன் டிராப்' என்னும் பகுதியில் உப்பைத் தேடி உண்ணும் ஓர் உயிரி வருகின்றது. அதற்கென வருங்காலத் தோற்றமுடைய உப்புக் குப்பிகளை வாங்கினர். வாங்கியபின், காண்போர் அவற்றை உப்புக் குப்பி என்று அறிந்துகொள்ள மாட்டார் என்பது புலப்பட்டது. ஆகவே கதையில் சாதாரணக் குப்பியையே வைத்தனர். புதுமையான குப்பிகளோ மருத்துவர் மெக்காயின் அறுவைக் கருவிகளாயின.

வருங்கால நாடகத்தின் இயல்பான இடர்ப்பாடு இதில் விளங்குகின்றது. பொருள் முற்றிலும் புதிதாயின் காண்போர்க்கு விளங்காது. விளங்க வேண்டுமாயின் அது இன்றைய பொருளைத் தழுவியே நிற்றல் வேண்டும்.

டாக்டர் ஹூவிலும் இதுவே நிலை. காலத்தினூடே செல்லும் பொறி, சென்ற இடத்திற்கேற்ப வடிவம் மாற வேண்டும். அதன் உறுப்பொன்று பழுதுபட்டமையால், இலண்டன் தெருவிலிருந்த போலீஸ் தொலைபேசிக் கூண்டின் வடிவிலேயே நின்றுவிட்டது என்பது கதை. வாரந்தோறும் புதுவடிவம் செய்யப் பணமில்லை என்பது உண்மை. காலப்போக்கில் அக்கூண்டுகள் தெருக்களிலிருந்து மறைந்தன. இன்று அவ்வடிவத்தைக் காண்போர் இத்தொடரையே நினைக்கின்றனர். அதே ஆண்டு டிசம்பரில் தோன்றிய 'டாலெக்' என்னும் கொடிய இனத்தாரின் இயந்திரக் கை, கழுவுதொட்டியின் அடைப்பை நீக்கும் இரப்பர்க் குவளையே. எனினும் பிள்ளைகள் அஞ்சினர். தம் இனமல்லாத அனைத்தையும் அழிக்கத் துடிக்கும் குரலே அவர்களை அச்சுறுத்தியது. கையின் நுனியில் இருந்தது எதுவென்பது பொருட்டாகவில்லை. நாசிக் கொடுமை முடிந்து 18 ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது.

மயங்கத் தக்கதும் தகாததும்

தொல்காப்பியர் அகத்திணைக்கு முதல், கரு, உரி என மூன்று வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். உணவு, விலங்கு, மரம், புள், பறை, யாழ் முதலியன கருப்பொருள். புணர்தல், பிரிதல் முதலாய மக்கள் ஒழுக்கம் உரிப்பொருள். உரிப்பொருள் அல்லாதவை திணை மயங்கி வருவதற்கு அவர் இடம் தந்தார். அகப்பாட்டுக்கு வகுத்த இலக்கணத்தை அயல்நாட்டுத் தொலைக்காட்சி நாடகத்தின்மேல் அப்படியே ஏற்றுதல் பொருந்தாது. ஆயினும், சூழலைக் காட்டும் பொருள் இடம் மாறி வரினும் குற்றமில்லை, ஒழுக்கமே உயிர் என்னும் அந்நெறி இங்கும் வழிகாட்டும்.

1966 டிசம்பர் 15இல் ஒளிபரப்பான 'பேலன்ஸ் ஆஃப் டெரர்' என்னும் பகுதியைச் சான்றாகக் கொள்ளலாம். கண்ணுக்குப் புலப்படாத பகைக்கப்பலை எண்டர்பிரைஸ் துரத்துகின்றது. இரு கப்பல்களிலும் ஓசையடக்கி மெல்லப் பேசுகின்றனர். ஒரு பொத்தானின் ஒலி பகைவனுக்கு இடத்தைக் காட்டிக்கொடுக்கின்றது. காற்றில்லாத விண்வெளியில் ஒலி செல்லாது என்பது பள்ளிப் பாடம். நீர்மூழ்கிக் கப்பற் போரைக் கூறும் 'தி எனிமி பிலோ' என்னும் 1957ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் சாயல் இது. கடலின் கருப்பொருள் விண்ணில் வந்து மயங்கிற்று. அறிவியல் நோக்கில் பிழையே.

ஆயின் கதையின் உயிர் அப்பிழையில் இல்லை. பகைவரான ரொமுலர்களின் முகத்தை அதுவரை எவரும் கண்டதில்லை. திரையில் அம்முகம் தோன்றும்போது அது ஸ்பாக்கின் இனத்தார் முகத்தைப் போலவே இருக்கின்றது. அந்நொடியே, முன்னோரைப் போரில் இழந்த ஸ்டைல்ஸ் என்னும் அலுவலன், தன்னோடு பணிபுரியும் ஸ்பாக்கை ஒற்றன் என ஐயுறுகின்றான். வெறுப்பைக் கப்பலின் தளத்துக்குக் கொண்டு வராதே என்று தலைவர் அவனைக் கண்டிக்கின்றார். இறுதியில் ஸ்டைல்சின் உயிரைக் காப்பவர் ஸ்பாக்கே. முகச்சாயல் ஒன்றையே கொண்டு அயலானைப் பகைவன் எனக் கருதும் கீழ்மை 1966இலும் இருந்தது, இன்றும் உள்ளது. ஒலியைப் பற்றிய பிழை இவ்வுண்மையைச் சிறிதும் குறைக்கவில்லை.

1968 மார்ச் 8இல் ஒளிபரப்பான 'தி அல்டிமேட் கம்ப்யூட்டர்' என்னும் பகுதி மற்றொரு சான்று. மாலுமிகள் வேண்டாத கப்பலை நடத்த 'எம்-5' என்னும் கணினி பொருத்தப்படுகின்றது. விளக்குகள் மின்னும் பெரிய பெட்டியாகிய அதைக் கண்டு இன்றைய சிறுவரும் நகைப்பர். ஆயினும் அதன் உள்ளே நிகழும் நாடகத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இளமையிலேயே பெரும்பரிசு பெற்ற டேஸ்ட்ராம் என்னும் அறிஞர், தம் புகழ் தேய்வதை ஆற்றாமல், தம் மனத்தின் பதிவையே அக்கணினிக்குள் ஏற்றியிருக்கின்றார். போர்ப் பயிற்சியை உண்மைப் போராகக் கருதிய கணினி வேறொரு கப்பலின் மக்கள் அனைவரையும் கொன்றுவிடுகின்றது. கணினியின் பிழை, அதை ஆக்கியவரின் உள்ளத்துப் பிழையே. மேலும், "பொறி வந்தபின் எனக்கு என்ன வேலை?" என்று கிர்க் உள்ளம் கலங்குவதும் கதையில் உண்டு. செயற்கை நுண்ணறிவைப் பற்றி இன்று எழும் வினாக்கள் இவ்விரண்டும். பெட்டி பழையது, வினா பழையதன்று.

தட்டை ஏந்திய கை

கருவி மயங்குதல் குற்றமன்று என ஒப்பிய பின், ஒழுக்கத்தைக் கடுமையாக நோக்குதல் கடனாகின்றது. இங்கேதான் இத்தொடரின் உண்மையான மூப்பு வெளிப்படுகின்றது.

ஸ்டார் டிரெக்கின் முதலாண்டுப் பகுதிகளில், தலைவரின் எழுத்தராகிய ஜேனிஸ் ராண்ட் என்னும் பெண் சாய்வான மின்னணுப் பலகையொன்றைக் கொண்டுவருவாள். தலைவர் எழுதுகோலால் அதில் கையொப்பமிடுவார். இன்றைய கையடக்கக் கணினியை முன்கூட்டியே காட்டிய கருவி என்று அப்பலகையைப் பாராட்டுவோர் பலர். அதை ஏந்தி வந்தவள் ஏன் எப்போதும் குறும்பாவாடை அணிந்த இளம்பெண்ணாகவே இருந்தாள் என்று கேட்போர் சிலரே.

1966 நவம்பர் 10இல் ஒளிபரப்பான 'தி கார்போமைட் மனூவர்' இதை இன்னும் தெளிவாக்கும். கப்பலில் மின்னாற்றல் குறைந்து சமையலறை செயலற்றுப் போகின்றது. ராண்ட் தலைமைத் தளத்தில் உள்ளவர்களுக்குச் சூடான காப்பி கொண்டுவருகின்றாள். எப்படிச் சூடாக்கினாய் என்ற வினாவுக்குக் கைத்துப்பாக்கியின் கதிரால் என்று விடை வருகின்றது. பகைவரை எரிக்கவல்ல 23ஆம் நூற்றாண்டுப் படைக்கலம் அது. அதைக் கையாளத் தெரிந்த பெண், அதைக் கொண்டு செய்தது ஆடவர்க்குக் காப்பி சுட வைத்தது. தமக்குப் பெண் எழுத்தரை அமர்த்தியதைக் குறித்துத் தலைவர் சலித்துக்கொள்வதும் அதே பகுதியில் உண்டு. எதிர்காலத்தின் கருவியைத் தேடி அலைந்த கற்பனை, எதிர்காலத்தில் காப்பியை யார் கொண்டுவருவார் என்று ஒரு நொடியும் தேடவில்லை.

இக்குறை தவிர்க்க முடியாதது அன்று. தொடரின் முதல் மாதிரிப் படமாகிய 'தி கேஜ்' 1964இன் இறுதியில் எடுக்கப்பட்டது. அதில் கப்பலின் இரண்டாம் தலைவர் ஒரு பெண். மேஜல் பேரட் நடித்த அவ்வலுவலர், குறும்பாவாடையன்றி, ஆடவர் போன்ற சீருடையே அணிந்திருந்தார். ஒளிபரப்பு நிறுவனம் அப்படத்தை ஏற்கவில்லை. பெண் தலைமை பிடிக்காமையா, நடிகையைப் பிடிக்காமையா என்பதில் இருவேறு கூற்றுகள் உள. எவ்வாறாயினும், தொடர் வெளிவந்தபோது அப்பதவி பெண்ணிடம் இல்லை. அதே பேரட் செவிலியாகவும், முகம் காட்டாத கணினியின் குரலாகவும் திரும்பி வந்தார். கட்டளையிட்டவர் கட்டளை கேட்பவராக ஆனார். 1967 ஜனவரி 26இல் வந்த 'டுமாரோ இஸ் யெஸ்டர்டே' என்னும் பகுதியில் அக்கணினி தலைவரை அன்புக்குரியவர் என விளித்துக் குழைவதை நகைச்சுவையாகக் காட்டினர். 2014இல் அமேசான் நிறுவனம் வெளியிட்ட 'அலெக்சா'வும் பெண் குரலிலேயே பேசத் தொடங்கிற்று. எந்தப் பொறி பலித்தது எனக் கணக்கெடுப்போர், பலித்த இதனைத் தம் கணக்கில் சேர்ப்பதில்லை.

இறுதியாக ஒளிபரப்பான 'டர்னபௌட் இன்ட்ரூடர்' என்னும் பகுதியில், தலைவர் பதவியை அவாவிய பெண்ணொருத்தி பித்துப்பிடித்தவளாகக் காட்டப்படுகின்றாள். விண்கப்பல் தலைவர்களின் உலகம் பெண்களை ஏற்பதில்லை என்று அவள் வருந்துகின்றாள். 'இந்நாளைய நோக்கில் அந்நாளைய நாடகத்தைப் பழித்தல் முறையா?' எனக் கேட்போர் உளர். முறையன்றுதான். ஆயின் இங்கே அளவுகோல் இந்நாளையது அன்று. சோவியத் நாட்டின் வாலந்தீனா தெரெஷ்கோவா 1963 ஜூன் 16இல் தனியொருவராக விண்கலத்தில் ஏறி உலகை வலம் வந்துவிட்டார். தொடர் தொடங்கியதோ அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின். முப்பது ஆண்டுகள் கழித்து வரவிருந்த தொலைபேசியை எட்டிப் பார்த்த கண்ணுக்கு, மூன்றாண்டுகளுக்கு முன் நாளேடுகளில் வந்த செய்தி தெரியவில்லை. அத்தொடரின் வழியில் வந்த பிற்காலத் தொடரொன்று பெண் தலைவரை நடுநாயகமாக நிறுத்த 1995 ஆயிற்று.

நிறைகளும் உள

குறை கூறி முடித்தல் நடுவுநிலை ஆகாது. அதே தளத்தில் ஊராவாக அமர்ந்தவர் நிஷெல் நிக்கோல்ஸ் என்னும் கறுப்பினப் பெண். அழைப்பு விடுத்தாயிற்று என்று கூறுவதே பெரும்பாலும் அவர் பணியாயினும், அவர் அங்கே அலுவலராக அமர்ந்திருந்ததே பெரிது. முதலாண்டு முடிவில் விலக எண்ணிய தம்மை மார்ட்டின் லூதர் கிங் தடுத்து நிறுத்தினார் என நிக்கோல்ஸ் அம்மையாரே பலமுறை கூறியுள்ளார். கப்பலைச் செலுத்தும் சுலுவாக நடித்த ஜார்ஜ் டக்கே, போர்க்காலத்தில் ஜப்பானிய வழியினர் என்பதற்காகப் பெற்றோருடன் அமெரிக்கத் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்ட சிறுவர். டேஸ்ட்ராம் என்னும் பேரறிஞராக நடித்த வில்லியம் மார்ஷலும் கறுப்பினத்தவர். அந்நிறத்தைப் பற்றி அக்கதையில் ஒரு சொல்லும் இல்லை.

எனினும் ஓரிடத்தில் அகன்ற பார்வை மற்றோரிடத்தில் குறுகியதும் உண்டு. 1967 பிப்ரவரி 16இல் வந்த 'ஸ்பேஸ் சீட்' என்னும் பகுதி, 1990களில் பெரும்போர் நிகழ்ந்ததாகக் கூறுகின்றது. அப்போர் நிகழவில்லையே எனச் சுட்டிக்காட்டுவோர் மிகப் பலர். அக்கதையின் கான், வடஇந்தியச் சீக்கியனாக இருக்கலாம் என்று சொல்லப்படுகின்றான். தாடியின்றி நடமாடும் அவனாக நடித்தவரோ மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மொண்டல்பான். நடிப்பு மிகச் சிறந்தது. ஆயினும் சீக்கியன் என்ற சொல்லுக்கும் திரையில் நின்ற உருவத்துக்கும் உள்ள தொலைவு, பொய்த்துப்போன ஆண்டுக் கணக்கினும் பெரிய பிழை.

திரைக்குப் பின்னிருந்த கைகளும் பார்க்கப்படாதவையே. எம்-5 கதைக்குத் திரை வடிவம் தந்த டி.சி. ஃபோண்டானா ஒரு பெண். டோரதி என்னும் பெயரை எழுத்துகளுக்குள் மறைத்தே அவர் எழுத வேண்டியிருந்தது. டாக்டர் ஹூவின் முதல் தயாரிப்பாளர் வெரிட்டி லேம்பர்ட் என்னும் இளம்பெண். முதற்கதையை இயக்கியவர் இலக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசேன். ரான் கிரெய்னர் அமைத்த அதன் முகப்பிசையை, ஒலிநாடாத் துண்டுகளை வெட்டியும் ஒட்டியும் ஒலியாக்கியவர் டீலியா டெர்பிஷயர். 50 ஆண்டு நிறைவையொட்டி 2013இல் வந்த பகுதியில்தான் அவர் பெயர் முதன்முதலாகத் திரையில் இடம்பெற்றது.

ஆசிரியர்க்கு ஒரு சான்று

அம்முதற்கதையில் நாயகர் போல வருவோர் வரலாற்றாசிரியை ஒருவரும் அறிவியல் ஆசிரியர் ஒருவரும் ஆவர். தம் மாணவியாகிய சூசனின் போக்கு விளங்காமல், அக்கறையோடு அவளைப் பின்தொடர்ந்து சென்றே அவர்கள் காலப்பொறிக்குள் புகுகின்றனர். ஒருமுறை வகுப்பில் நாணயக் கணக்குப் பற்றிக் கேட்கும்போது, இங்கிலாந்தில் பதின்ம முறை நடப்பில் இருப்பதாக எண்ணிச் சூசன் விடை கூறுகின்றாள். பின்னர், அம்முறை இன்னும் தொடங்கவில்லை என்று தன்னைத் திருத்திக்கொள்கின்றாள். 1971 பிப்ரவரி 15இல் இங்கிலாந்து அம்முறைக்கு மாறியது. அதை முன்கூட்டியே கூறிய காட்சி என்று பலர் வியப்பர். வியப்பிற்குரியது அதுவன்று. வேறொரு காலத்தில் சரியாக இருக்கும் விடையைக் கூறி, இக்காலத்து வகுப்பில் பிழை செய்தவளாக நிற்கும் ஒரு பிள்ளையின் தனிமையே அங்கே காட்டப்படுகின்றது. அதைக் கண்டவர் ஆசிரியர் இருவர்.

பழைய நாடகத்தை மாணவர்முன் வைக்கும் ஆசிரியர், 'இதில் எது பலித்தது?' எனும் வினாவோடு நிறுத்துதல் கூடாது. இப்பொருள் ஏன் இவ்வாறு அமைந்தது, இதை ஏந்தியவர் யார், ஏந்தும் நிலையில் அவரை வைத்தவர் யார் எனும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். முதல் வினாவுக்குரிய விடை பத்தாண்டுக்கொருமுறை மாறும். பின்னவற்றுக்கு விடை தேடும் மாணவன், இன்று வெளிவரும் வருங்காலக் கதைகளிலும் காப்பியைக் கொண்டுவருபவர் யார் என்று நோக்கத் தொடங்குவான்.